மேலறைத் தேன்

அல்குர்ஆனில் தேனீயின் பெயரால் ஓர் அத்தியாயம் இருப்பதும், அதன் 68ஆம் 69ஆம் வசனங்கள் தேனீக்கு அருளப்பட்ட ஏவலைச் சொல்வதும் நாமெல்லோரும் சிறு வயதிலேயே கேட்டுப் பழகியவை. அந்த ஏவல் வினைகள் பெண்பாலில் வந்திருப்பதையும், உழைக்கும் தேனீக்கள் அத்தனையும் பெண்களே என்பதையும் இணைத்துப் பேசாத பயான்கள் குறைவு. ஷிபா பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றைத் திரும்ப ஒப்புவிக்க எனக்கு விருப்பமில்லை. என் மனதைப் பிடித்து வைத்திருப்பது அதே வசனத்தின் இன்னொரு பக்கம். தேனீயின் வசிப்பிடங்கள் அங்கே மூன்றாகச் சொல்லப்படுகின்றன. மலை, மரம், மனிதர் கட்டிக்கொடுப்பது.

ஓதக் கேட்கும்போது இது ஓர் அழகான அடுக்கு. வருடக்கணக்காகக் கூடுகளைப் பார்த்துப் பராமரித்து வருபவனுக்கோ இது வேறு மாதிரிக் கேட்கும். ஏனென்றால் மூன்று இடங்களிலும் பார்க்கும் விதம் ஒன்றல்ல. ஒன்றைப் பார்க்கவே முடியாது. இன்னொன்றைக் காதால்தான் பார்க்க வேண்டும். மூன்றாவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்படிப் பார்த்தவனிடம் பிறகு கேள்வி வரும்.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தன் நூலில் இந்நாட்டில் மூன்று வகைத் தேனீக்கள் இருப்பதாக எழுதியிருக்கிறார். சிங்களத்தில் இன்றும் வழங்கும் மீ மெஸ்ஸா, பம்பரா, கணெய்யா என்பவையே அவை. தடியில் ஒற்றை வதை கட்டும் சிறிய தண்டுவெல் தேனீயையும் சேர்த்தால் நான்கு. இவற்றில் மனிதன் கட்டியதற்குள் குடியிருக்கச் சம்மதிப்பவை மீ மெஸ்ஸாவும் கணெய்யாவும் மட்டுமே. வெளிநாட்டுப் படங்களில் நாம் காணும் பருத்த இத்தாலியத் தேனீயை இங்கு வளர்ப்பதில்லை. எனவே அந்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் கூடு வளர்க்கப் போனால் பாதி சரிவரும், பாதி பிழைக்கும்.

இந்த இனங்களைப் பற்றி நான் வாசித்தவற்றுள் மிகவும் ரசித்த ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1976இல் கோனிகரும் விஜயகுணசேகரவும் இலங்கையில் செய்த ஆய்வு அது. ஆண் தேனீக்கள் துணை தேடிப் பறக்கும் நேரத்தை அவர்கள் குறித்தார்கள். தண்டுவெல்லுக்கு நண்பகல் 12.00 முதல் 2.30 வரை. மீ மெஸ்ஸாவுக்குப் பின்னேரம் 4.15 முதல் 5.15 வரை. பம்பராவுக்கு 6.00 முதல் 6.45 வரை. மூன்று இனத்து ராணிகளிடமும் ஆண்களை ஈர்க்கும் வாசனையின் முக்கியப் பொருள் ஒன்றுதான். ஆகவே குழப்பம் வராமல் வானத்தை நேரத்தால் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. லுஹர், அஸர், மஃரிப் என்று நான் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அஸர் தொழுதுவிட்டு வந்து வளவில் நின்றால், பெட்டி வாசல்களில் கருத்த தடித்த ஆண்கள் முண்டியடிப்பது இன்றும் தவறாமல் நடக்கிறது. அவற்றின் இரைச்சல் வேறு; கொஞ்சம் கனத்த குரல். அந்த நேரத்தில் நான் எந்தப் பெட்டியையும் திறப்பதில்லை.

மலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சீகிரியாக் குன்றில் பம்பரா கட்டியிருக்கும் வதைகளைக் கீழே நின்று பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு பெரிய வதை, மூடி இல்லை, சுவர் இல்லை. பூச்சிகளே ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கித் தம் உடம்பால் போர்வை போடுகின்றன. எதிரி நெருங்கினால் அந்தப் போர்வை முழுவதும் அலையடிக்கும். பருவம் மாறியதும் வதையை விட்டுவிட்டு இடம்பெயர்ந்துவிடும். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவி கொட்டி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டதாக நம் பத்திரிகைகள் எழுதும்போது, அவற்றில் சில உண்மையில் குளவி அல்ல, உயர்ந்த மரத்தில் கட்டியிருந்த இந்தப் பம்பராதான். பராமரிப்பு என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. தூர நிற்பதுதான் அதற்குச் செய்யும் பராமரிப்பு.

முட்டிக் கூட்டுக்கு வருகிறேன். மாவனல்லைப் பக்கத்தில் எங்கள் வளவை அடுத்து ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் லொக்கு மாமா. வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஐந்தாறு மண்முட்டிகளைச் சாய்த்துக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். முட்டியின் அடியில் விரல் நுழையுமளவு ஒரு துளை. வாயைப் பலகைத் துண்டு வைத்து, களிமண்ணும் சாணமும் பூசி மூடியிருக்கும். உள்ளே கொஞ்சம் பழைய மெழுகைத் தேய்த்து வைத்தால், மரப் பொந்து தேடிப் பறக்கும் கூட்டம் ஒன்று தானாக வந்து குடியேறும். முட்டி என்பது அதற்கு ஒரு மரப் பொந்துதான். மரத்தையும் மனிதன் கட்டியதையும் ஒன்றாக்கிய ஏற்பாடு என்று சொல்லலாம்.

முட்டியைத் திறந்து பார்க்க வழியில்லை. வதைகள் முட்டியின் வயிற்றோடு ஒட்டியிருக்கும். அசைத்தால் ஒடிந்துவிடும். லொக்கு மாமா செய்வது இதுதான். காதை முட்டியில் வைத்து விரல் மொழியால் ஒருமுறை தட்டுவார். உள்ளிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே நேரத்தில் இறக்கையைச் சிலிர்த்து அடக்கும் சத்தம் அது. நமது தேனீக்கே உரிய குணம்.

"வெட்டினாற்போல நின்றால் தாய் வீட்டில் இருக்கிறாள், புதா. இழுத்துக்கொண்டு போனால் இல்லை."

அவருடைய இந்தக் கணக்கை நான் பின்னர் பெட்டிகளில் தட்டி, திறந்து பார்த்துச் சரிபிடித்திருக்கிறேன். எப்போதும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், பெரும்பாலும் பொருந்தியது.

தட்டிய பிறகு வாசலைப் பார்ப்பார். காலில் மஞ்சள் மகரந்தப் பொதியோடு பூச்சிகள் உள்ளே போனால் புழுக்களுக்குத் தீனி போகிறது, அதாவது ராணி முட்டையிடுகிறாள். வாசலுக்குக் கீழே வெளுத்த புழுக்கள் விழுந்து கிடந்தால் பசி அல்லது நோய். தூள் தூளாக மெழுகு உதிர்ந்தால் பழைய வதையைக் கடித்துத் தள்ளுகின்றன. அல்லது மெழுகுப்பூச்சி வந்துவிட்டது. கடைசியாக முட்டியின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து மெல்ல ஏந்திப் பாரம் பார்ப்பார். வேறு ஆயுதம் கிடையாது. தேன் எடுக்கும்போதும் வாயைத் திறந்து பின்பக்கத்து வதைகளை மட்டும் வெட்டுவார். வாசலை அண்டிய வதைகளில்தான் குஞ்சுகள் இருக்கும், அவை அவர்களுடையவை என்பார். எல்லோரும் அப்படியல்ல. முழுவதையும் அறுத்து, புழுவும் மகரந்தமும் சேர்த்துப் பிழிந்து, குடும்பத்தையே தொலைத்துவிடும் ஆட்கள்தான் அதிகம். வதை என்ற சொல்லுக்குத் தமிழில் கொடுமை என்றும் பொருள். சிங்களத்தில் 'வதய' என்பதற்கும் அப்படியே இரண்டு பொருளும் உண்டு. இரு மொழிக்காரரும் ஒரே காட்சியைப் பார்த்திருப்பார்கள் போலும்.

எங்கள் பழைய வீட்டு நிலையோரச் சுவர் வெடிப்பில் ஒரு கணெய்யாக் கூடும் இருக்கிறது. கொசுவளவே உள்ள கொட்டாத தேனீ. மெழுகும் பிசினும் கலந்து ஒரு சிறு குழாயை வாசலாக நீட்டி வைத்திருக்கும். அதன் தேன் வதையில் அல்ல, திராட்சைக் குலை போன்ற சிறு குடங்களில் இருக்கும். தண்ணீராயும் புளிப்பாயும் இருக்கும். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்தக் குழாயை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர நான் அதற்கு எதுவும் செய்ததில்லை. மீ மெஸ்ஸாவுக்கு மனம் கோணினால் ராணியோடு எழும்பிப் போய்விடும். கணெய்யாவின் முதிர்ந்த ராணியால் பறக்க முடியாது. போக்கிடம் இல்லாத ஒன்றைத் தொந்தரவு செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

இனிப் பெட்டி. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ரொத் என்ற பாதிரியார் ஒரு சின்ன விடயத்தைக் கண்டுகொண்டார். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் தேனீ நடந்து போகப் போதுமான அளவு இடைவெளி விட்டால், தேனீ அதை அடைக்காது. வதையைச் சட்டத்தோடு தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம். அதுவரை கூட்டை உடைக்காமல் உள்ளே பார்ப்பது பெரும்பாடு. அவர் கண்ட அளவு ஐரோப்பியத் தேனீக்குரியது. நம் தேனீ சிறியது என்பதால் அது பொருந்தாது. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னிந்தியாவில் இருந்த யேசு சபைப் பாதிரியார் நியூட்டன், நம் தேனீக்கேற்ற சிறிய பெட்டியை வடிவமைத்துப் பலருக்கும் பழக்கிக் கொடுத்தார். கீழே ஏழு சட்டங்கள் கொண்ட குஞ்சறை, மேலே உயரம் குறைந்த தேனறை. என்னுடையவையும் அந்த வகைதான். பண்டாரவளை பிந்துனுவெவவில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவைப் பற்றி இத்துறையில் இருப்போர் அறிவார்கள். 1994இல் வெளிவந்த ஆர்.டபிள்யூ.கே. புஞ்சிஹேவாவின் நூலும் நம் நாட்டுத் தேனீயை வைத்தே எழுதப்பட்டது.

பெட்டியைப் பார்ப்பதில் சில ஒழுங்குகள் உண்டு. வெயில் உறைக்கும் முன் காலை நேரம் நல்லது. மழைக் குளிரில் திறந்தால் குஞ்சு விறைத்துப்போகும். தும்பைச் சுருட்டிப் பற்றவைத்து இரண்டு ஊது. அதற்கு மேல் வேண்டாம். ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்துப் புறம்பாக வைத்துவிட்டால் மற்றவற்றை உரசாமல் தூக்கலாம். தூக்குவது நேர் மேலே. மறுபக்கம் பார்க்க வேண்டுமானால் சட்டத்தைப் படுக்கையாகச் சாய்க்காமல், நின்ற நிலையிலேயே திருப்ப வேண்டும். புது வதை வெயிலில் குழைந்திருக்கும், சாய்த்தால் ஒடிந்து விழும். நம் தேனீ பிசின் பூசிச் சட்டங்களை ஒட்டி வைப்பதில்லை என்பது ஒரு பெரிய சௌகரியம்.

ராணியைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டியதில்லை. முட்டை போதும். சூரியனுக்கு முதுகைக் காட்டி, வெளிச்சம் அறைகளின் அடிக்குப் போகும்படி சட்டத்தைப் பிடித்தால், அரிசிக் குறுநொய்யிலும் மெல்லிதாய் வெள்ளை முட்டை தெரியும். முதல் நாள் நிற்கும், பிறகு சரியும், மூன்றாம் நாள் படுத்துவிடும். நிற்கும் முட்டையைக் கண்டால் நேற்றோ இன்றோ ராணி இங்கே இருந்தாள் என்று தெரிந்துகொள்ளலாம். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் ராணி இல்லை, வேலைக்காரிகளே முட்டையிடத் தொடங்கிவிட்டார்கள். நம் தேனீயில் இது சீக்கிரமே வந்துவிடும், அந்தக் குடும்பத்தை இன்னொன்றோடு சேர்க்கத்தான் வேண்டும். ஆண் குஞ்சின் மூடியில் ஊசி குத்தினாற்போல ஒரு துளை இருக்கும். அது நோயல்ல, நம் தேனீயின் வழமை. வதையின் கீழ் விளிம்பில் நிலக்கடலைபோலத் தொங்கும் அறைகள் கண்டால் பிரிந்து போகத் திட்டம் நடக்கிறது. புழுக்கள் மூடிக்குக் கீழே படகின் முனைபோல விறைத்து நின்று பையாகச் செத்திருந்தால் பயப்பட வேண்டும். 1990களின் தொடக்கத்தில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெருந்தொகைக் கூடுகளை அழித்த தாய்லாந்துப் பைப்புழு நோய் அப்படித்தான் தெரியும்.

இத்தனையும் பார்க்க முடிகிறது என்பதற்காகப் பார்த்துக்கொண்டே இருப்பதும் பிழை. அடிக்கடி திறந்தால் ஒருநாள் பெட்டி காலியாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் புதிதாகப் பெட்டி வாங்கிய பூரிப்பில் காலையும் மாலையும் திறந்து பார்த்தார்; மூன்றாம் கிழமை பார்க்க ஒன்றுமிருக்கவில்லை. நான் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை திறப்பேன். ஆனால் கிழமைக்கொருமுறை அடிப்பலகையை உருவித் துடைப்பேன். விழும் மெழுகுத் தூளில்தான் மெழுகுப்பூச்சி முட்டை வைக்கிறது. அதன் புழு வதைக்குள் நூல் நூற்றுச் சுரங்கம் போட்டு ஏறினால் பலமான குடும்பமும் எழும்பிவிடும். பெட்டி நிற்கும் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் வைப்பது எறும்புக்கு. குளவிக்கு நான் பெரிதாக எதுவும் செய்வதில்லை. வாசலைச் சிறிதாக்கிவிட்டால், நுழைய வரும் குளவியை நம் தேனீக்கள் பந்தாய்ச் சூழ்ந்து, உடம்புச் சூட்டை 46 பாகை அளவுக்கு ஏற்றியே கொன்றுவிடும்.

எங்கள் பக்கத்தில் தேன் காலம் என்பது இறப்பர் காலம். தையிலும் மாசியிலும் இலை கொட்டி, மாசி பங்குனியில் தளிர் விடும்போது, இலைக் காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். பூவிலிருந்து அல்ல, இலையிலிருந்து வரும் தேன் இது. சில கிழமைகளில் மேலறை நிறைந்துவிடும். சித்திரை கழிந்து தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வெளியே ஒன்றுமில்லை. தென்னை கொடுக்கும் மகரந்தமும் மழையில் கரைந்து போகும். அப்போது சீனிப்பாகு வைத்தால்தான் குடும்பம் தப்பும். சம அளவு சீனியும் தண்ணீரும். பூச்சி மூழ்காமல் இரண்டு ஈர்க்கில் துண்டு போட்டுச் சிரட்டையில், மஃரிபுக்குப் பிறகு உள்ளே வைக்க வேண்டும். பகலில் வைத்தால் மற்றக் கூடுகள் கொள்ளையடிக்க வந்துவிடும். பாகு வைப்பதற்கு முன் மேலறையை இறக்கிவிட வேண்டும். இந்தக் கடைசி விடயத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

2016 மே மாத மழையை எங்கள் மாவட்டம் மறக்காது. மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்தது. ஊர்களே புதைந்துபோன நேரத்தில் தேனீயைப் பற்றி யார் நினைப்பார்? மழை விட்ட ஓர் இடைவெளியில் பெட்டிகளைத் திறந்தேன். ஒன்பதில் நான்கு வெறுமை. மீதி ஐந்திலும் முட்டை இல்லை. புழுக்கள் பால் இல்லாமல் அறைகளின் அடியில் காய்ந்து கிடந்தன. தேன் வளையம் இருக்க வேண்டிய மேல்மூலைகள் வெறும் மெழுகு. அன்றிரவே பாகு வைக்கத் தொடங்கினேன். பத்து நாளில் ஐந்தும் தலைநிமிர்ந்தன. ஓரச் சட்டங்கள் வெள்ளை மூடி போட்டுப் பளிச்சென்றிருந்தன.

ஜூன் முதல் வாரத்தில் நோன்பு. அதற்குச் சில நாள் முன்பு மச்சான் வந்தார். பட்டணத்தில் பேரீச்சம்பழமும் கருஞ்சீரகமும் விற்கும் கடை. நோன்புக்கு இருபது போத்தல் தேன் வேண்டும். முற்பணம் கையோடு கொண்டு வந்திருந்தார். தேன் இல்லை என்றேன். நான் பெட்டி பார்க்கும்போது கூடவே நின்று ஓரச் சட்டத்தைக் கண்டுவிட்டார்.

"இது என்ன மச்சான்? முழுக்க மூடி போட்டு ஈக்கி."

"சீனிப்பாகு."

"சீனிதான் குடுத்த. ஆனா இதுவும் பூச்சி செஞ்சதுதானே? மேலறையையும் ஏத்தி வையுங்கோ. ரெண்டு மூட சீனி நான் அனுப்புறன்."

இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் சங்கடம். தேனீ சீனிப்பாகைத் தன் தேன்பையில் வாங்கி, தன் சுரப்பைக் கலந்து, சீனியை உடைத்துக் குளுக்கோசும் புருக்டோசுமாக மாற்றுகிறது. இறக்கையால் விசிறித் தண்ணீரை வற்றச் செய்கிறது. மெழுகால் மூடுகிறது. பூத்தேனுக்குச் செய்வதெல்லாம் இதற்கும் செய்கிறது. தீக்குச்சியைத் தோய்த்து உரசினால் பற்றும். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் இறங்கும். எறும்பு, மை ஒற்றும் தாள், நகக்கண் என்று நம்மவர்களின் எந்தப் பரீட்சையிலும் தோற்காது. ஆய்வுகூடத்தில் கரிம அணுக்களை எடை பார்த்தால் கரும்புச் சீனி என்று கண்டுபிடித்துவிடலாம். மச்சானின் கடைக்கு வருகிறவர்கள் ஆய்வுகூடத்தோடு வருவதில்லை. நான்கு பெட்டிகளை இழந்திருந்த நேரம் அது. அந்தப் பணம் எனக்கு வேண்டாத பணம் என்று சொல்லமாட்டேன்.

உம்மா திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரைப்பு நோய்க்காரி. சுபஹுக்குப் பிறகு சுடுதண்ணீரில் ஒரு கரண்டி தேன் விட்டுக் குடிப்பது அவருடைய நாற்பது வருடப் பழக்கம்.

"மாமி, நீங்களே செல்லுங்கோ" என்றார் மச்சான்.

"இது பூவுல ஈந்து வந்ததா மகன்?" என்று மட்டும் உம்மா கேட்டார்.

மச்சான் விடவில்லை. "இறப்பர்த் தேனும் பூவுல ஈந்து வாரல்லயே மாமி. இலையில ஈந்துதானே?"

உம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. எனக்கும் அந்நேரம் இல்லை. ஆனாலும் பணத்தை வாங்கவில்லை. மச்சான் தேநீர் குடிக்காமலே போனார். இரண்டு பெருநாள்களுக்கு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. உம்மாவுக்கு அது பெரிய வேதனை. அந்த நோன்பு முழுக்க எங்கள் வீட்டிலும் தேன் இருக்கவில்லை. கடையில் வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, வெறும் சுடுதண்ணீர் போதும் என்றுவிட்டார்.

மச்சானின் கேள்வியை லொக்கு மாமாவிடம் கொண்டு போனேன். வேலியோரம் நின்று கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"இலைக்கும் பூச்சி தானே தேடிப் போகிறது, புதா. பாகை நீதான் கொண்டுபோய் வைத்தாய். பசித்தவனுக்குப் போட்ட சோறு அது. அதைத் திரும்ப எடுத்து விற்பார்களா?"

வசனத்தில் தேனீக்குச் சொல்லப்படுவது பூ என்றுகூட இல்லை, கனிகள் என்றே இருக்கிறது. உண்ணும்படி அதற்குத்தான் ஏவல், ஊட்டும்படி நமக்கல்ல. லொக்கு மாமாவுக்கு அந்த வசனம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தேன் வாங்குகிறவர்கள் போத்தலைத்தான் சோதிக்கிறார்கள். உறைந்து போனால் சீனி என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். இறப்பர்த் தேன் சீக்கிரம் உறையும். அது அதன் இயல்பு, குற்றமல்ல. முட்டித் தேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். முட்டிக்குச் சீனி வைப்பது கஷ்டம் என்பதால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் முட்டியை யாரும் திறந்து பார்த்ததில்லை. வீதியோரப் போத்தலில் கித்துள் பாணியை ஊற்றி முட்டித் தேன் என்றால் யார் மறுப்பது? பெட்டித் தேன்தான் சந்தேகத்துக்குரியது என்கிறார்கள். மூன்றிலும் சட்டத்தைத் தூக்கிக் காட்டக்கூடியது பெட்டி ஒன்றுதான்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கொப்பியில் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். திறந்த திகதி, முட்டை கண்டதா, பாகு வைத்த நாள், நிறுத்திய நாள், மேலறை ஏற்றிய நாள், முக்கால்வாசி மூடி போட்ட பின் தேன் எடுத்த நாள். மேலறையை ஏற்றும் முன், பாகு நிறைந்த ஓரச் சட்டங்களைக் குடும்பமே தின்று தீர்க்கும்வரை பொறுப்பேன். இதனால் இறப்பர்க் காலத்தின் முதல் சில நாள்கள் எனக்கு நட்டம். ஒருமுறை தீக்குச்சியோடு வந்த ஓர் ஆசிரியரிடம் கொப்பியைக் கொடுத்து, முகவலையையும் மாட்டிவிட்டு, வந்து மேலறையைப் பாருங்கள் என்றேன். மூன்று அடி தூரத்தில் நின்றே, போதும் போதும் என்றார். தீக்குச்சி அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. ஒவ்வொரு வருடமும் இரண்டு போத்தல் வாங்குகிறார்.

நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2024இல் மார்ச் நடுப்பகுதிக்குச் சற்று முன்னும் 2025இல் மார்ச் தொடக்கத்திலும் வந்தது. அதாவது இறப்பர்த் தளிரின் நடுவில். கேட்பவர்களும் இருந்தார்கள், மேலறையும் நிறைந்திருந்தது. மச்சானும் வந்தார். பழையதை இருவரும் பேசவில்லை. போத்தல்களை எண்ணி அடுக்கியபடி, கைத்தொலைபேசியில் நாட்காட்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்றாக இரண்டு நோன்பு தொடங்கும் என்றார். அதற்குப் பிறகு நவம்பர், ஒக்டோபர்.

"திரும்பவும் மழைக்குப் போயிரும் மச்சான். அப்ப என்ன செய்யப் போற?"

நான் அடிப்பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெட்டியின் தூளுக்குள் மெழுகுப்பூச்சியின் நூல் தெரிந்தது. மச்சானை அந்தத் தும்பைக் கொஞ்சம் பற்றவைக்கச் சொன்னேன்.